பத்து டேப் (டேப்லெட்) தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

மாடிவகுப்பு, கண்ணகி நகர்:
வணக்கம். 2021 கடைசியில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து எங்கள் பிளாக் மொட்டைமாடியில் மாலை ஆறு முதல் ஏழரை வரை சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை 14 பிள்ளைகள். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு அக்கா பத்து டேப் வாங்கித் தருகிறேன் என்கிறார். நல்ல மனசு. தயக்கம் எனக்குத்தான்.

பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். போன்? பல வீடுகளில் ஒன்றுதான். அப்பா டெலிவரிக்கு எடுத்துப் போனால் திரும்ப இரவு பத்தாகும், அதற்குள் டேட்டாவும் தீர்ந்துவிடும். அந்த வகையில் டேப் உதவும்.

ஆனால் போன வாரம் நாலாவது படிக்கும் பையன் ஒருவன் என் போனில் கணக்கு ஆப் போட்டுக்கொண்டிருந்தான். 42-17. 35-ஐத் தொட்டான், சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மூன்றாவதைத் தொட்டதும் பச்சை, கைதட்டல் சத்தம். சிலேட்டைக் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னேன். மறுபடியும் 35. “ரெண்டுல ஏழு போகாதுல்ல மிஸ், அதான் ஏழுல ரெண்டு எடுத்தேன்” என்றான். ஆப் இதைக் கேட்கவே இல்லையே! ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கட்டை அவனே பிரித்துக் கொட்டிய பிறகுதான் கடன் வாங்குவது பிடிபட்டது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பெரம்பூர் வாத்தியார்:
அம்மா, அவசரப்படாதீர்கள். பெரு நாட்டில் ‘பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப் பள்ளிகளை வைத்து ஆய்வு செய்து 2012-ல் முடிவு சொன்னார்கள்: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை. வகுப்பில் பாடம் நடக்கும் விதம் மாறவில்லை, பெட்டி மட்டும் வந்தது. உங்கள் ஈர்க்குச்சியை விடாதீர்கள்.

தரமணிக்காரன்:
சாரோடு பாதிதான் ஒத்துப்போவேன். டெல்லியில் 2015-ல் மாலை மையங்களில் கம்ப்யூட்டர் வைத்து, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்தே தொடங்கும் மென்பொருளைக் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆகவே எந்த ஆப் என்பதைப் பாருங்கள் அக்கா. பச்சை வரும்வரை தொடவிடும் ஆப் வேண்டாம்.

கல்யாணி, வேளச்சேரி:
போட்ஸ்வானாவில் 2020-ல் பள்ளிகள் மூடியபோது சாதா போனிலேயே ஒன்று செய்தார்கள். வாரா வாரம் சில கணக்குகளை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, அப்புறம் போன் போட்டு 20 நிமிடம் போலப் பிள்ளையோடு பேசினார்கள். வெறும் எஸ்எம்எஸ் போன வீடுகளில் பெரிய பலன் இல்லை, பேசிய வீடுகளில் பிள்ளைகள் தேறினார்கள். அதன் பிறகு இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டாவிலும் செய்து பார்த்தார்கள், அங்கும் பேச்சுதான் கைகொடுத்தது.

மாடிவகுப்பு, கண்ணகி நகர்:
எல்லோருக்கும் நன்றி. கல்யாணி அக்கா சொன்னதைப் படித்ததும் மழைக்காலம்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் மாடியில் உட்கார முடியாது, வகுப்பே நின்றுபோகும். அந்த நாட்களில் போன் போடலாமே என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஓ.எம்.ஆர் அக்காவிடம் பேசிவிட்டேன். மூன்று டேப் போதும். மீதிப் பணத்தில் எனக்கும் பக்கத்து பிளாக் தன்னார்வலர்கள் இரண்டு பேருக்கும் வருடம் முழுக்க ரீசார்ஜ். அவர் சரி என்றார். ஆப்பைத் தரமணித் தம்பி பார்த்துச் சொன்னால் நல்லது.

நேற்று நல்ல மழை. எட்டரைக்கு அந்தப் பையனின் அம்மா போனுக்கு அடித்தேன். 53-28 என்றேன். “இருங்க மிஸ்” என்று ஓடினான். டிவி சத்தத்துக்கு நடுவே துடைப்பத்தை ஏன்டா பிய்க்கிறாய் என்று அம்மா கேட்பது கேட்டது. ரொம்ப நேரம் பேச்சே இல்லை, எண்ணுவது மட்டும் லேசாகக் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. “ஒரு கட்டைப் பிரிச்சிட்டேன் மிஸ்... இருபத்தஞ்சு.”