மத நோட்டீஸ் அடிப்பதில் எல்லை எது? அச்சகக்காரனின் கேள்வி

நெல்லை அச்சு கேட்டது:

நெல்லை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். அம்மன் கொடை நோட்டீஸ், சர்ச் அசன விருந்து அழைப்பு, கந்தூரி போஸ்டர், கறுப்புச்சட்டைக்காரர்களின் கூட்டத் துண்டறிக்கை எல்லாம் ஒரே மெஷினில்தான் ஓடும். ஒருவர் வேலை முடிந்ததும் ரோலரைக் கழுவி மையை மாற்றுவோம், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரர் வந்தார். ஏ5 அளவு, இரண்டு பக்கம், ஐயாயிரம் காப்பி. முன்பக்கம் சாட்சி: குடித்து ஈரல் கெட்டுப்போன ஒருவர் ஜெபத்தால் குடியை விட்ட கதை. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. பின்பக்கம்தான் இடிக்கிறது. எங்கள் ஊர் அம்மன் கோயில் முகப்பைப் போட்டோ எடுத்துப் போட்டு, மேலே 'பேய்க்குப் படையல் போடும் ஜனமே' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அம்மனுக்குக் கோழி அறுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு என்னென்ன வியாதி வரும் என்று கீழே ஒரு பட்டியல். கொடைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுக்கப் போகிறாராம். அந்தக் கொடைக்கு நோட்டீஸ் அடிப்பவனும் நான்தான். வரி கொடுத்தவர்கள் பெயர்களை ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த மேஜையிலேயே இதையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இழுத்தேன். "மதத்தைப் பரப்ப அரசியல் சட்டமே உரிமை தந்திருக்கு அண்ணாச்சி, நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்கிறார். அடித்தால் என் மேல் கேஸ் வருமா? அடிக்க மாட்டேன் என்றால் அவருடைய பேச்சுரிமையை நான் பறிக்கிறேனா? இந்த இரண்டாவது கேள்விதான் குடைகிறது.

கோர்ட்டு வாசல் பதில்:

அண்ணாச்சி, நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டதும் பார்த்ததும் சொல்கிறேன்.

ஊழியக்காரர் சொன்னதில் பாதி சரி. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை எடுத்துவிடச் சொல்லிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு: கே. சந்தானம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று டி.டி.கே. அந்தச் சபையிலேயே சொன்னார்.

மீதிப் பாதி: அதே பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மூன்றுக்கும் உட்பட்டது. உங்களுக்கென்றே அமைந்த மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது, ராம்ஜி லால் மோடி, 1957. உத்தரப் பிரதேசத்துக்காரர். ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவரே, அச்சிட்டவரும் அவரே, வெளியிட்டவரும் அவரே. ஒரு மதத்தை அவமதித்து மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ-இல் தண்டனை வாங்கி, அந்தப் பிரிவே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் போனார். செல்லும் என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். கூடவே ஒன்றையும் தெளிவாக்கினார்கள். தெரியாமலோ கவனக்குறைவாலோ ஒரு மதத்தைப் புண்படுத்தினால் இந்தப் பிரிவில் வராது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்தால்தான் வரும். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 299ஆவது பிரிவு. மூன்று வருஷம் வரை ஜெயில்.

உங்கள் நோட்டீஸின் முன்பக்கத்தை எவனும் தொட முடியாது. தன் சாமி தன்னைக் காப்பாற்றியது என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பின்பக்கத்தில் அதே ஊர்க் கோயில் படம், கொடைக்கு முந்தின நாள், பஸ் ஸ்டாண்ட். எண்ணம் என்ன என்று நிரூபிக்க வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் கோர்ட் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். எஃப்.ஐ.ஆர். போட அது வேண்டாம். கேஸ் கடைசியில் நிற்காமல் போகலாம், அதுவரை உங்கள் கம்ப்யூட்டரும் பிளேட்டும் ஸ்டேஷனில் நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். பேச்சுரிமை அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்பது. நீங்கள் அரசாங்கம் இல்லை. அவருக்கு வேறு அச்சகம் கிடைக்கும்.

ஈரோட்டு வெயில் பதில்:

குமாஸ்தா ஐயா சொல்வதைப் பார்த்தால் பெரியாரை உள்ளே போட்டிருக்க வேண்டும். 1953இல் திருச்சியில் பொதுக்கூட்டத்தில் களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். வழக்குப் போட்டார்கள், கீழ்க்கோர்ட்டும் தள்ளியது, ஹைகோர்ட்டும் தள்ளியது. மனம் புண்பட்டது என்பதை அளக்க மீட்டர் இருக்கிறதா? ஆள் பலம் உள்ளவனுக்குப் புண்பட்டால் கேஸ், இல்லாதவனுக்குப் புண்பட்டால் 'பொறுத்துக்கோ'. நடைமுறை இதுதான். ஊழியக்காரர் எழுதியது முட்டாள்தனம். அதற்கு மருந்து இன்னொரு நோட்டீஸ். அம்மனும் வியாதி தராது, ஆண்டவரும் ஈரலைக் குணப்படுத்தமாட்டார் என்று நான் எழுதித் தருகிறேன், அதையும் சேர்த்து அடியுங்கள் அண்ணாச்சி.

கொடை வரி பதில்:

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். இதற்குத்தானே 2002இல் இங்கே மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள்? அது இருந்திருந்தால் இந்த ஆள் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வருவானா? நோயாளி வீடாகப் பார்த்துப் போகிறார்கள், கடன்காரன் வீடாகப் பார்த்துப் போகிறார்கள். எங்கள் அம்மனை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே பேய் என்பதற்குப் பெயர் உரிமையா?

கோர்ட்டு வாசல் பதில்:

ஈரோட்டுத் தம்பி, கதையை ஹைகோர்ட்டோடு நிறுத்திவிட்டீர்கள். அது 1958இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழே சட்டத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் அங்கே சொன்னார்கள். மண் பொம்மையாகவே இருக்கட்டும், ஒரு கூட்டத்தார் அதைப் புனிதமாக நினைத்தால் சட்டத்துக்கு அது புனிதப் பொருள். நீதிபதிக்கு அதில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பவம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். புண்பட்டவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் கேஸ் நகர்கிறது என்று நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே அளவு அந்தப் பட்டியல்தான். 'உன் சாமி பொய்' என்பது விவாதம். 'கும்பிட்டால் உன் பிள்ளைக்கு இந்த வியாதி வரும்' என்பது மிரட்டல்.

கொடை வரி ஐயாவுக்கு: 2002 அக்டோபரில் வந்த சட்டம், 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு கொண்டுவந்தவர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. பரப்பும் உரிமை அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் தானாக மாறுகிறவனின் மனசாட்சி அதே 25ஆவது பிரிவில் முதல் வரியிலேயே இருக்கிறது. மாற்றச் சடங்கை நடத்தியவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அவன் மனசாட்சி கலெக்டருக்கு ஏன் தெரிய வேண்டும்?

மேட்டுத்தெரு பதில்:

மாறியவர்கள் வீட்டிலிருந்து ஒருத்தி பேசலாமா?

அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று குத்தும் 'அரிசி மூட்டை' என்ற வசவைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள் நான். தாத்தா ஞானஸ்நானம் வாங்கியபோது அரிசி ஒன்றும் வரவில்லை. வந்தது அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இடம். போனது எஸ்.சி. சான்றிதழ். 1950 ஜனாதிபதி ஆணைப்படி அப்போது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்கள் தமிழ்நாட்டில் பி.சி. தெரு மாறவில்லை, தெருவைக் கேட்டதும் முகம் மாறுவதும் மாறவில்லை, தாசில்தார் ஆபீஸ் தாளில் மட்டும் நாங்கள் வேறு ஆட்கள். சர்ச்சுக்குள் சாதி செத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் கட்டி வைத்திருப்பதை ஊரே அறியும்.

2002 சட்டத்தில் எனக்கு மறக்காதது ஒன்று. மாற்றப்படுபவர் மைனர், பெண், எஸ்.சி., எஸ்.டி. என்றால் தண்டனை கூடுதல். சிறுபிள்ளையோடு சேர்த்து என்னையும் என் அம்மாவையும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். யாராவது மிட்டாய் காட்டினால் பின்னாலேயே போய்விடுவோமாம். 1981இல் மீனாட்சிபுரத்தில் அத்தனை குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோதும் டெல்லியிலிருந்து வந்தவர்கள் வளைகுடாப் பணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அண்ணாச்சி, அந்தப் பின்பக்கத்தை அடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் பெரியம்மா மாறவில்லை, கொடைக்கு அந்த அம்மனுக்குத்தான் பொங்கல் விடுகிறாள். கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் கேட்டு வாங்குகிறவளும் அவள்தான். அவளைப் பேய் கும்பிடுகிறவள் என்று ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நானாக இருப்பேன். அதே மாதிரி நாளைக்கு ஒருவர் சர்ச் படத்தைப் போட்டு 'அரிசி மூட்டை' நோட்டீஸ் கொண்டுவந்தாலும் நீங்கள் திருப்பித் தர வேண்டும். கொடை வரி அண்ணன் அப்போதும் இங்கே வந்து இதே சூட்டோடு பேச வேண்டும்.

கொடை வரி பதில்:

பேசுவேன் தங்கச்சி. ஆனால் தடைச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

நெல்லை அச்சு பதில்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஊழியக்காரர் வந்தார். முன்பக்கத்தை அடித்துத் தருகிறேன், பின்பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். போட்டோவை மட்டும் எடுத்துவிடுகிறேன், தலைப்பு இருக்கட்டும் என்று பேரம் பேசினார். தலைப்பைக்கூட விடலாம், அந்த வியாதிப் பட்டியல் கூடவே கூடாது என்றேன். 'கர்த்தர் உங்களோடும் பேசுவார்' என்று சொல்லிவிட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனதாகத் தெரியவில்லை. சிவகாசியில் அடித்தாலும் அடிப்பார்.

மேட்டுத்தெரு அம்மா சொன்னதை ஆர்டர் புக்கில் எழுதி ஒட்டிவிட்டேன்: அடுத்தவர் கோயில், சர்ச், பள்ளிவாசல் படம் போட்டுத் திட்டும் வேலை எடுப்பதில்லை. பையன் 'வியாபாரம் போகும்' என்கிறான், போகட்டும்.

ஈரோட்டு வெயில், உங்கள் நோட்டீஸை அனுப்புங்கள். படம் கூடாது, எழுதியவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும், பாதிப் பணம் முன்னாடியே கட்ட வேண்டும்.