ஃபட்டீக்: உலோகத்துக்கு ‘நைவு’, உடம்புக்கு ‘ஆறாக் களைப்பு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஃபட்டீக் (fatigue) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று நாலு நாளாக இந்த இழை ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் உள்ளுக்குள் கெடுவதற்கும், நோயாளியின் உடம்பு களைத்துப்போவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். வீட்டில் ஒரு விசேஷம், அதனால் உடனே எழுத முடியவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லா மடலையும் படித்தேன். ‘உலோகச் சோர்வு’, ‘அயர்வு’, ‘தளர்ச்சி’, ‘இறுவு’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் இரண்டு சொல் வைக்கப்போகிறேன், உலோகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் சிக்கல் எங்கே கிளம்பியது என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். இடையில் சேர்ந்தவர்கள் அதைப் பார்க்காமலே சொல் தேடுகிறார்கள் என்று தோன்றியது. நமக்கு மொழிபெயர்க்க வந்த தாள், எலும்புப் புற்றுக்கு அறுவை செய்து உலோக மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்கான விளக்கத்தாள். ஆஸ்டியோசர்கோமா என்ற அந்தப் புற்று பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. அதிலும் முழங்காலை ஒட்டி வருவதுதான் அதிகம். ஒரு காலத்தில் காலையே எடுத்துவிடுவார்கள். 1970களுக்குப் பிறகு மருந்துச் சிகிச்சை வலுப்பட்டதும், புற்று இருக்கும் எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு டைட்டானியக் கலவை, கோபால்ட் குரோமியம் போன்ற உலோகங்களால் செய்த மூட்டைப் பொருத்திக் காலைக் காப்பாற்றும் முறை வழக்கத்துக்கு வந்தது.

அந்தத் தாளில் ஃபட்டீக் என்ற சொல் ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. முதல் வரைவில் இரண்டையும் ‘சோர்வு’ என்றே போட்டிருந்தோம். மேலே, ‘சிகிச்சை முடிந்த பிறகும் சோர்வு பல மாதம் நீடிக்கலாம்.’ கீழே, ‘சோர்வினால் உள்ளே இருக்கும் தண்டு முறியக்கூடும்.’ இதைப் படிக்கும் ஒரு தாய்க்கு என்ன புரியும்? பிள்ளை சோர்ந்துபோனால் உள்ளே கம்பி உடைந்துவிடும் என்றுதான் புரியும். அப்புறம் அந்தப் பையனைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவாரா? என் மடலில் வேறு எதை விட்டாலும் இந்த இரண்டு வரியை மறந்துவிடாதீர்கள்.

உலோகத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு வளவில், தாழ்வாரத்து உத்தரத்தில் ஒரு தேக்குப் பலகை ஊஞ்சல் தொங்கும். ஐயா காலத்தில் மாட்டியது. பொங்கலுக்குப் பெரியவர்கள் ஆறு பேர் அதில் நெருக்கி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் எட்டு வயதுப் பேத்தி ஒருத்தி மட்டும் உட்கார்ந்து மெதுவாக ஆடும்போது ஒரு பக்கத்துக் கொக்கி பட்டென்று போய்விட்டது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். உத்தரமும் சங்கிலியும் அப்படியே இருந்தன. கொக்கி மட்டும், அதுவும் வளைவில்.

அந்தக் கொக்கியை இப்போதும் மேசைமேல் வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தைப் பார்த்தால் ஒரு பாதி கறுத்து வழவழப்பாக இருக்கிறது. அதில் கிளிஞ்சல் முதுகில் ஓடும் வரிகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். எல்லாக் கோடும் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுத்தடத்தைச் சுற்றித்தான் தொடங்குகின்றன. கொக்கியை வளைத்த காலத்தில் உளி பட்ட தடமாக இருக்கும். மறுபாதி சொரசொரப்பு, விழுந்த அன்று வெள்ளி மாதிரி மின்னியது. அந்தக் கறுத்த பாதி, பல வருஷமாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்த விரிசல். மின்னிய பாதி, கடைசி நொடியில் முறிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரிசல் ஒரு மயிரிழைக்கும் குறைவாக முன்னேறியிருக்கிறது. தாங்க மிச்சம் இருந்த இரும்பு போதாமல் போன அன்று, குழந்தையின் எடையே அதிகமாகிவிட்டது.

‘இறுவு’ என்ற சொல்லை முன்வைத்த அண்ணன் ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளை எடுத்துக் காட்டியிருந்தார். படித்ததும் மனம் நிறைந்தது, ஏனென்றால் உலோகம் இப்படி முறிவதை ஆராயும் துறையே வண்டி அச்சில்தான் பிறந்தது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் என்ஜினின் அச்சு முறிந்து, வண்டிகள் மோதித் தீப்பிடித்து, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். தினமும் தாங்கும் சுமையில் அச்சு ஏன் முறிகிறது என்ற கேள்வியைப் பொறியாளர்களால் அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. ஜெர்மானிய ரயில் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு, எந்தச் சுமையில் எத்தனை சுற்றுக்குப் பிறகு முறிகிறது என்று கணக்கெடுத்தார். ஆனால் குறளில் வரும் அச்சு ‘சால மிகுத்துப் பெயின்’ இறுவது. பாரம் மிஞ்சியதால் முறிவது. நம் கொக்கி பாரம் மிஞ்சி முறியவில்லை. ‘இறு’ என்ற வினை கடைசி நொடியைச் சொல்கிறது, அதற்கு முந்தைய பல வருஷத்தைச் சொல்லவில்லை. பேச்சில் ‘இத்துப்போச்சு’ என்கிறோமே, அதில் மெல்ல மெல்லக் கெடுவது இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் துருப்பிடித்த தகரத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம். அரிமானத்தையும் (துருப்பிடிப்பது போல உலோகம் அரிக்கப்படுவது) இதையும் ஒரே சொல்லில் போட்டால், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில் யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே பலருக்கு அரிமானம்தான் வாழ்நாள் வேலை.

நான் வைக்கும் சொல் ‘நைவு’.

பெட்டியில் பல வருஷம் மடித்து வைத்து, எடுத்துக் கட்டி, மறுபடி அதே மடிப்பில் மடித்த கண்டாங்கிச் சேலையை விரித்துப் பாருங்கள். உடல் முழுக்க உரமாக இருக்கும். மடிப்புக் கோட்டில் மட்டும் நைந்திருக்கும். யாரும் பிடித்து இழுக்கவில்லை, முள்ளில் மாட்டவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்கியதுதான் காரணம். வீட்டில் பெண்கள் யாரும் அதைக் ‘கிழிந்தது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘நைஞ்சு போச்சு’ என்பார்கள். கிழிவது வேறு, நைவது வேறு என்று இந்த மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. உலோகத்திலும் அதுதான் நடக்கிறது: திரும்பத் திரும்ப வரும் சுமை, விசை குவியும் ஒரு வளைவு அல்லது கீறல், வெளியே தெரியாமல் வளரும் கேடு.

கூட்டுச்சொல்லுக்கும் வளைந்துகொடுக்கிறதா என்று பார்த்தேன். நைவு விரிசல், நைவு ஆயுள், நைவு முறிவு, நைவுச் சோதனை, எதுவும் நாக்கில் இடறவில்லை. எஃகுக்கு ஒரு கீழ்ச்சுமை உண்டு, அதற்குக் குறைவாக எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் அது நைவதில்லை. அதை ‘நைவு வரம்பு’ என்று சொல்லலாம். ‘அலுமினியத்துக்குத் தெளிவான நைவு வரம்பு கிடையாது’ என்று எழுதினால் பாலிடெக்னிக் மாணவனுக்கு உடனே புரியும். உப்புநீரும் சுமையும் சேர்ந்து கெடுப்பது ‘அரிமான நைவு’. உடம்புக்குள் வைத்த உலோகத்துக்கு இந்தக் கவலையும் உண்டு, ரத்தமும் நிணநீரும் உப்பு கலந்த நீர்தானே. ‘சோர்வு ஆயுள்’, ‘சோர்வு வரம்பு’ என்று எழுதிப் பாருங்கள், பொறியியல் மாதிரியே இருக்காது.

‘மனம் நைந்து’ என்றும் சொல்கிறோமே என்று கேட்கலாம். சொல்கிறோம். அதனால் குழப்பம் வராது, ‘மனம் உடைந்து’ என்று சொல்வதால் கண்ணாடி உடைவதில் யாரும் குழம்புவதில்லை.

இனி உடம்பு. இதில் எனக்குச் சொந்த வருத்தம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் சொல்லை விளக்க முடியாது.

எங்கள் அயித்தைக்கு மார்பகப் புற்று வந்து, ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஊசி போடும் முன்பு தமிழில் அச்சடித்த தாளில் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ‘சோர்வு உள்ளதா?’ என்று ஒரு கேள்வி. அயித்தை ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்றே சொல்லியிருக்கிறார். அவருக்குச் சோர்வு என்றால் மனம் தளர்வது. ‘நான் சோர்ந்துபோற ஆளா?’ என்பார். வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கும் வளவுக்கும் நடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவர் சொன்னது இது: “நேத்துக் களைப்பே இன்னும் ஆறலைய்யா. அதுக்குள்ள விடிஞ்சிருச்சு.” மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வேறொரு மருத்துவர் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு ரத்தம் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.8தான், ரத்தச்சோகை. அந்தத் தாளில் மட்டும் மூன்று சுற்றிலும் ‘சோர்வு: இல்லை’.

அவர் சொன்ன வாக்கியத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன். சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் தரம் பிரிக்க அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஓர் அளவை வைத்திருக்கிறது, உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் இந்தக் களைப்புக்கு மூன்று தரம்தான். ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும் என்றால் முதல் தரம். ஓய்வெடுத்தும் தீராமல், சமையல், கடைகண்ணி போன்ற வேலைகள் தடைபட்டால் இரண்டாம் தரம். குளிக்க, உடுத்தவே முடியவில்லை என்றால் மூன்றாம் தரம். முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் நடுவே இருக்கும் கோடு, ஓய்வில் ஆறுகிறதா இல்லையா என்பதுதான். தமிழில் அதற்கு வினையே இருக்கிறது! களைப்பாறுதல், இளைப்பாறுதல். களைப்பு என்பது ஆறக்கூடியது என்று நம் பேச்சு எடுத்துக்கொள்கிறது. ஆறாவிட்டால் அது நோய். அயித்தை அதைத்தான் தன் வாயால் சொன்னார்.

அதனால் ‘ஆறாக் களைப்பு’. ‘புற்றுநோய் சார்ந்த’ என்று முன்னால் சேர்ப்பதும் விடுவதும் இடத்தைப் பொறுத்தது. ‘அயர்வு’ இனிமையான சொல்தான், ஆனால் தூக்கக் கலக்கத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சகோதரி தனிமடலில் எழுப்பிய தடையை, அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். ‘ஆறாப் புண்’ என்று கேட்டுப் பழகிய காது, ‘ஆறா’ என்றதும் இனித் தீரவே தீராது என்று எடுத்துக்கொள்ளும், நோயாளி பயந்துவிடுவார் என்கிறார். சரியான தடை. இந்தக் களைப்பு தீரக்கூடியது. ரத்தச்சோகை, தைராய்டுக் குறைவு, வலி, தூக்கமின்மை என்று காரணம் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். எனவே நோயாளி கையில் கொடுக்கும் தாளில் கலைச்சொல்லைப் போட வேண்டாம், கேள்வியாகவே கேட்போம்: ‘படுத்து எழுந்த பிறகும் களைப்பு ஆறாமல் இருக்கிறதா?’ மருத்துவர், செவிலியர், மொழிபெயர்ப்பாளர் பார்க்கும் அகராதியில் ‘ஆறாக் களைப்பு’ இருக்கட்டும். முதல் தரத்தைக் குறிக்க வெறும் ‘களைப்பு’ போதும், அது ஆறிவிடுவதுதானே.

ஒரே சொல் வேண்டும் என்பவர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மருத்துவமும் உலோகமும் அவ்வளவு தூரம் இல்லை என்று சிஸ்பிளாட்டினை உதாரணம் காட்டினார் ஒருவர். எலும்புப் புற்றுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் அதுவும் ஒன்று. 1960களில் அமெரிக்காவில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் நுண்ணுயிர்களின் மேல் மின்புலத்தின் விளைவைப் பார்க்கப்போனார். அவை பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டின மின்முனையிலிருந்து கரைந்து வந்த சேர்மம் என்று தெரிந்தது. 1965இல் அதை வெளியிட்டார், 1978இல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மின்முனை கரைவதை நம் ஊரில் இழப்பு என்று கணக்கெழுதுவோம், அங்கே அது மருந்தாயிற்று. இரண்டு துறையும் உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் உறவு இருப்பதால் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். உலோகமும் ஓய்வெடுத்தால் ஆறாது, இந்த நோயாளியும் ஓய்வெடுத்தால் ஆறுவதில்லை, அப்புறம் என்ன வித்தியாசம்? இதற்கு நடையே பதில். ஆறாக் களைப்புக்கு ஆய்வுகளில் நன்றாகத் தேறிய மருந்துகளில் ஒன்று உடற்பயிற்சி, சும்மா நடப்பதுகூட. அயித்தைக்கு ரத்தம் ஏற்றித் தேறியதும் மருத்துவர் நடக்கத்தான் சொன்னார். இப்போது தினமும் சாயங்காலம் ஊருணிக் கரையை இரண்டு சுற்று வருகிறார், ‘களைப்பு ஆறுது’ என்கிறார். உலோக மூட்டுக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு சுமைச் சுற்று. ஒரு காலுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் சுற்று என்று வைத்துத்தான் மூட்டுகளைச் சோதிக்கிறார்கள். ஒரே நடையில் பிள்ளையின் களைப்பு குறைகிறது, தண்டின் நைவு கூடுகிறது. அந்தக் கணக்கை வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளை நடக்க வேண்டும். இரண்டுக்கும் ‘சோர்வு’ என்று போட்டால் இதை அந்தத் தாயிடம் சொல்லவே முடியாது.

தாளின் இரண்டு வரியையும் இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் களைப்பு ஆறாமல் இருக்கலாம், தினமும் கொஞ்சம் நடப்பது நல்லது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.’ ‘பல ஆண்டுப் பயன்பாட்டில் உலோகத் தண்டு நைந்து முறிய வாய்ப்பு உண்டு, குறித்த நாளில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.’ மருத்துவம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.

கொக்கியின் படத்தை இணைத்திருக்கிறேன். கறுத்த பாதியில் தெரியும் வளைகோடுகளுக்கும் ஒரு பெயர் வேண்டும், முறிவு ஆராய்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி இருப்பதால் ‘அலைவரி’ என்று நினைக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து