5000 ஓடுற பையனை ஸ்டீபிள்சேஸுக்கு மாத்தலாமா?

ஒத்தக்கடை_ஓட்டம்:
தம்பிக்கு 18 வயசு. 5000 மீட்டர் 15:20. கோச் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸுக்கு, அதாவது தடையையும் தண்ணிக் குழியையும் தாண்டி ஓடுற ஓட்டத்துக்கு வரச் சொல்றார். மதுரையிலதான் பயிற்சி, தண்ணி நிரப்பின குழி நினைச்ச நேரம் கிடைக்காது. எப்படிப் பழக்குறது? இதை நம்பி வேலை கிடைக்குமா?

வைகைக்கரை:
15:20 ஓடுறவன் தடை இல்லாத 3000-ஐ ஏறக்குறைய 8:50-ல முடிப்பான். தாண்டத் தெரிஞ்சா ஸ்டீபிள்சேஸ்ல அதோட 30 செகண்ட் கூடும், தெரியலன்னா 50 கூட ஆகும். இந்த 20 செகண்டை நுரையீரலை வச்சு எடுக்க ரெண்டு வருசம் ஆகும். தாண்டுற பழக்கத்துல சீக்கிரமே எடுத்துரலாம்.

மொத்தம் 28 தடை, 7 தண்ணித் தாண்டல். ஆண்களுக்கு உயரம் 91.4 செ.மீ. ஹர்டில்ஸ்னா கால் பட்டதும் கட்டை சாயும். இது 80 கிலோவுக்குக் குறையாது, இடிச்சா ஆளுதான் சாய்வான்.

குழிக்குப் பதிலா லாங் ஜம்ப் மணல் போதும். விளிம்புல ஸ்டீபிள்சேஸ் தடையையே வைங்க. ஹர்டில்ஸ் கட்டையை வச்சுராதீங்க, மேல மிதிச்சதும் கவுந்துரும். முதல் ரெண்டு மூணு வாரம் 76 செ.மீ., அப்புறம் 91.4. பத்துப் பதினஞ்சு மீட்டர் முன்னாடியே வேகம் ஏறணும். கிட்ட வந்து குட்டிக் குட்டியா எட்டு வைக்கிறதுதான் எல்லாப் பயலுகளும் பண்ற தப்பு. ஒன்றரை மீட்டர் தள்ளி எகிறி, பாதத்தோட நடுப்பகுதியைக் கட்டை மேல வச்சு, முட்டி மடங்கி, குனிஞ்ச வாக்குலயே இடுப்பு தடையைக் கடந்தப்புறம் உதைக்கணும். முந்தி உதைச்சா உடம்பு மேல போகும், குழி நடுவுல தொப்புன்னு விழுவான். குழி 3.66 மீட்டர் நீளம். தடையோரம் ஆழம், போகப் போக மேடு. மணல்ல 3.2 மீட்டர்ல ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி ஒத்தக் கால்ல இறங்கச் சொல்லுங்க. ரெண்டு காலையும் சேத்து ஊனினா ஓட்டம் அங்கேயே செத்துரும். வாரத்துக்கு ஒரு நாள், 8 தடவைக்கு மேல வேணாம், கணுக்கால் தாங்காது.

திருப்பரங்குன்றம்_சுத்து:
மேல சொன்னதோட ஒண்ணு. ரெண்டு கால்லயும் எகிறப் பழக்குங்க. களைச்ச பிறகு எட்டுக் கணக்கு மாறும், ஒரே காலை நம்பினவன் தடைகிட்ட தடுமாறுவான். தாண்டுற பயிற்சியைக் கால் புதுசா இருக்கும்போது மட்டும் வைக்காம, 800 மீட்டர் ஆறு தடவை ஓடுற அன்னைக்குக் கடைசி ரெண்டுல தடை வைங்க. போட்டிக்குப் போடுற ஸ்பைக்ஸ் (ஆணி வச்ச ஷூ) வலைத்துணி மேல்பாகமா இருக்கணும், தண்ணி உடனே வடியணும். சாக்ஸ் வேணாம். ஆனா ஈரக் காலோட ஓடிப் பழகாதவனுக்கு முதல் போட்டியிலேயே கொப்புளம் வரும். ஒரு குடம் தண்ணியை ஷூவுல ஊத்தி 1000 மீட்டர் ஓட விட்டுப் பாருங்க.

தல்லாகுளம்_தடகளம்:
வேலைக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஓட்டக்காரனுக்குச் சோறு போடுறது பரிசுப் பணம் இல்லங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டாதான்: ராணுவம், ரயில்வே, போலீஸ். புதுக்கோட்டை லட்சுமணன் ராணுவத்துல இருந்துக்கிட்டுதான் 2017 ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்ல 5000, 10000 ரெண்டுலயும் தங்கம் வாங்கினார். சக்கிமங்கலம் ரேவதி ரயில்வே. ஸ்டீபிள்சேஸ் ஓடுற அவினாஷ் சாப்ளேயும் ராணுவம்தான். 12-ஆம் வகுப்பு முடிச்சுச் சேர்ந்த பிறகுதான் தடகளத்துக்கே வந்தார். 1981-ல கோபால் சைனி ஓடின 8:30.88-ங்கிற தேசிய சாதனையை 2018-ல உடைச்சு, 2024 பாரீஸ் டைமண்ட் லீக் போட்டியில 8:09.91 வரைக்கும் இறக்கினார். அதனால 18 தாமதம் இல்ல. ஆனா கோட்டாவுல கேக்குறது சான்றிதழ். எந்த மட்டத்துப் போட்டி, எத்தனாவது இடம்னு அறிவிப்புல இருக்கும், அதைப் பாத்துப் போட்டிகளைத் தேர்ந்தெடுங்க. 5000-ல கூட்டம் அதிகம், ஸ்டீபிள்சேஸ்ல கம்மி. கோச் கணக்கு அதுவாத்தான் இருக்கும்.

ஒத்தக்கடை_ஓட்டம்:
நன்றிண்ணே. தனியா ஓடும்போது நல்லாத் தாண்டுறான், நாலு பேரோட ஓடினா பயப்படுறான்.

வைகைக்கரை:
முன்னால ஓடுறவன் முதுகுக்கு நேர் பின்னாடி வந்தா தடை தெரியாது, பயம் நியாயம்தான். தடைக்கு 30 மீட்டர் முன்னாடியே அரை ஆள் அகலம் வெளிப்பக்கம் ஒதுங்கச் சொல்லுங்க. வளைவுல ரெண்டடி கூட ஓடினாலும் பரவாயில்ல. சாப்ளேயே 2025 மொனாக்கோவுல தண்ணித் தாண்டல்ல விழுந்து முட்டி ஜவ்வு கிழிஞ்சு நின்னார். மூணு பேரைச் சேத்து, ஆளாளுக்கு இடம் மாத்தி ஓட விடுங்க.