மார்ஃபின் தேக்கம்: ஃபென்டனில் பேட்ச்சுக்கு மாறும் இடைவெளியில் வலிக்கு என்ன கொடுப்பது?

வீட்டிலேயே வலி நிவாரண சிகிச்சை பார்ப்பவர்களின் உதவி வேண்டும். மதுரைப் பக்கம் கிராமம். நோயாளிக்கு 64 வயது, நுரையீரல் புற்றுநோய், எடை 45 கிலோ, கிட்னி பழுதைக் காட்டும் கிரியேட்டினின் 2.4. ஒரு வாரமாக வாய்வழி மார்ஃபின் 10 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. தினம் 2 கட்டு பீடி குடித்தவர், செவ்வாயோடு நிறுத்திவிட்டார்.

வியாழன் முதல் தூக்கமில்லை, எரிச்சல். கையும் தோளும் திடீர் திடீரென வெட்டி இழுக்கின்றன. பிடித்த டம்ளர் தெறித்துப் போகிறது. கண்பாவை ஊசிமுனை அளவு. மூச்சு நிமிடத்துக்கு 12.

நிக்கோட்டின் இல்லாத தவிப்பு 2-3 நாளில் உச்சத்துக்கு வரும், கணக்கு பொருந்துகிறது. ஆனால் அது இப்படி வெட்டி இழுக்காது. கிட்னி வெளியேற்ற வேண்டிய மார்ஃபின்-3-குளுக்குரோனைடு (உடலில் மார்ஃபின் மாறி உண்டாகும் கழிவு) தேங்கி நரம்பைத் தூண்டுவதாகவே படுகிறது.

21 மி.கி. நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியதில் எரிச்சல் மட்டும் தணிந்தது. மார்ஃபினை 5 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் குறைத்தார். வலி திரும்பிவிட்டது, இழுப்பு நிற்கவில்லை. சர்க்கரை, கால்சியம் சரி. சிறுநீர் அடைப்பு இல்லை. பிசகோடில் கொடுத்து மலமும் போயிற்று.

டாக்டர் மணிக்கு 12 மைக்ரோகிராம் ஃபென்டனில் (வலி மருந்து) விடும் பேட்ச் சொல்கிறார். அது முழுதாக வேலை செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மனுஷர் வலியில் துடிக்கிறார். அந்த இடைவெளியில் கிட்னி பழுதான நோயாளிக்கு எந்த மருந்தை, எந்த அளவில் பயன்படுத்துகிறீர்கள்?