கொழும்பில் நாலொக்சோன் (ஹெரோயின் மாதிரிப் போதை அளவு மிஞ்சினா மூச்சைத் திரும்பக் கொண்டு வாற மருந்து) எங்கே எடுக்கலாம்?

கொட்டாஞ்சேனையில இருக்கிறம். தம்பி சில வருஷமா தூள் (ஹெரோயின்) பாவிக்கிறான். போன மாசத்தில இருந்து வாற தூள் வேற மாதிரி. வழமையான அளவுக்கே சரிஞ்சு விழுந்திட்டான். உதடு நீலம், மூச்சு விட்டு விட்டுத்தான் வந்துது. 1990 நம்பருக்கு அடிச்சு வந்த அம்புலன்ஸ்தான் காப்பாத்தினது.

தூள்ல பெண்டனில் (fentanyl, ஹெரோயினை விட மிச்சம் வலுவான போதை மருந்து) கலந்திருக்கா எண்டு பார்க்க, வெளிநாட்டில இருந்து சோதனைப் பட்டி எடுப்பிச்சு, பைக்கட்டில ஒட்டியிருந்த மிச்சத்தைத் தண்ணியில கரைச்சுப் பார்த்தம். ரெண்டு கோடு, அதாவது பெண்டனில் இல்லை. ஆனா நிட்டசீன் (nitazene, அதே மாதிரி வலுவான வேற செயற்கைப் போதை மருந்து) கலந்திருந்தா அந்தப் பட்டி காட்டாது. பக்கத்து பார்மசிகள்ல நாலொக்சோன் இல்லை, ஆஸ்பத்திரியில கேளுங்க எண்டாங்க. புனர்வாழ்வுக்கு அவன் இன்னும் சம்மதிக்கல்ல. சம்மதிக்கும் வரைக்கும் உயிரோட இருக்கணுமே.

டொக்டர் துண்டோட, வீட்டில வைக்க நாலொக்சோன் ஊசியோ ஸ்பிரேயோ கொழும்பில எங்கே வாங்கலாம்?