எட்டுக் கோழிக்கு எதற்குத் தடுப்பூசி?

வாய்க்கால்மேடு: கொல்லையில் எட்டு நாட்டுக்கோழி. நேற்றுக் காலை கூண்டைத் திறந்ததும் ஒரு பெட்டை மட்டும் வெளியே வரவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மூலையில் தூங்குகிறது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுத்திருக்கிறேன். ஊசி போட்டதில்லை, போடப்போவதும் இல்லை. எங்கள் அப்பத்தா காலத்தில் யார் போட்டார்கள்?

பஞ்சாரம்: அப்பத்தா காலத்திலும் இந்தச் சீக்கு இருந்தது அண்ணா. 1927-ல் இமயமலைப் பக்கம் ராணிகேத் என்ற ஊரில் கண்டுபிடித்ததால்தான் ராணிகேத் நோய் என்றே பெயர். நம் வெள்ளைக்கழிச்சல் அதுதான். அப்போது தெருவே காலியானால் ‘கோழிச்சீக்கு வந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடை வைத்தார்கள், அவ்வளவுதான். இது வைரஸ். வந்த பிறகு கேட்கிற மருந்து கிடையாது.

வாய்க்கால்மேடு: போன வருடம் முகாமில் ஊசி போட்ட பக்கத்து வீட்டில்தான் நாலு நாளில் மூன்று கோழி போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் தம்பி?

பஞ்சாரம்: நாலு நாளில் போயிருந்தால் ஊசிக்கு முன்பே கிருமி ஏறியிருக்கலாம். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது வேண்டும். இன்னொன்று, மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும், கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றிய மருந்தாக இருந்தால் போட்டும் பயனில்லை.

கொண்டைச்சேவல்: நான் ஊசிக்கு எதிரி இல்லை. ஆனால் ஒரு குப்பியில் 100 கோழிக்கான மருந்து. எட்டுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டவா? பண்ணைக்காரர்களுக்குச் செய்ததை நம் தலையில் கட்டுகிறார்கள்.

மாடிவீட்டு அக்கா: கேள்வி நியாயம். எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொள்கிறோம். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் எட்டு வாரம் தாண்டியவற்றுக்கு இலவசமாகவே போடுகிறார்கள். குஞ்சு என்றால் ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் ஒரு சொட்டு.

அதை விடுங்கள். முதலில் இது வெள்ளைக்கழிச்சல்தானா? எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி போல இருப்பது நல்ல கோழிக்கும் உண்டு, அது அதன் சிறுநீர். இரை எடுக்காத கோழி எதுவானாலும் பச்சையாகத்தான் போகும். குஞ்சு ரத்தமாகப் போனால் அது ரத்தக் கழிச்சல், ஈரத் தரையில் வருவது, அதற்கு மருந்து இருக்கிறது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் என்றால் அம்மை. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்து திருகுகிறதா, அதைப் பாருங்கள்.

கொண்டைச்சேவல்: சரி, அதுவாகவே இருந்தால்? மிச்சத்தைச் சந்தையில் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம். காசாவது மிஞ்சும்.

பஞ்சாரம்: இப்படித் தள்ளுகிறவர்களால்தான் சந்தையிலிருந்து வாங்கி வருகிற ஒற்றைச் சேவலோடு சீக்கும் ஊருக்குள் வருகிறது. போன தையில் என் பதினொன்றும் அப்படித்தான் போயின. விற்றவர் முகம்கூட நினைவில்லை.

வாய்க்கால்மேடு: சற்று முன்பு இரண்டாவது ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தைக் குறிவைத்து ஓரமாகவே கொத்துகிறது, வாய் போய்ச் சேரவில்லை. பார்க்க முடியவில்லை.

மாடிவீட்டு அக்கா: இரண்டையும் உடனே தனியாக அடையுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போங்கள், கை காலைக் கழுவுங்கள். செத்தால் வாய்க்காலில் வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மற்றவற்றுக்கு இப்போது ஊசி போடலாமா என்பதை ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பறவைக் காய்ச்சலா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும்.

வாய்க்கால்மேடு: காலையில் போகிறேன். கீழாநெல்லியை மட்டும் நிறுத்தமாட்டேன்.

பஞ்சாரம்: நிறுத்த வேண்டாம் அண்ணா. ஆனால் கழுத்து திருகிய கோழிக்கு உருண்டையை வாயில் திணிக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.