உதவி: யூரோப்பா 4 அன்பென்னார் மல்டிபிளேயரில் சமாதான ஒப்பந்தம் ஆளுக்கு ஒரு மாதிரி காட்டுகிறது

லோரென்ட்_ராஜா:
அவசரம். இன்று ராத்திரியே ஆட்டம் இருக்கிறது. மூன்று பேர் அன்பென்னார் ஆடுகிறோம், அதாவது யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற வியூக ஆட்டத்தைக் கற்பனை உலகமாக மாற்றும் மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்). நான் லோரென்ட் நாடு, நண்பன் ஒருவன் கவெட் நாடு, இன்னொருவர் எஸ்கான் என்ற பகுதிப் பக்கம். போன வாரம் எனக்கும் கவெட்டுக்கும் போர். முற்றுகை போட்டு அவன் கையிலிருந்த விஸ்வால் கோட்டையைப் பிடித்தேன், சமாதானம் பேசி வாங்கியும் விட்டேன். என் திரையில் அது என் நிறத்தில் இருக்கிறது. அவனோ தன் திரையில் கோட்டை விழவே இல்லை, இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புகிறான். ஏதாவது ஏமாற்று மோட் போட்டிருப்பானோ? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விஸ்வாலை எப்படித் திரும்ப வாங்குவது?

மேற்குக்காற்று:
கொஞ்சம் விவரம் வேண்டும் ப்ரோ. யார் ஹோஸ்ட் (யார் கணினியில் ஆட்டத்தைத் திறந்து மற்றவர்களைச் சேர்க்கிறீர்கள்)? ஆட்டத்தின் பதிப்பு எது? மோட் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் எடுத்ததா, உருவாக்குபவர்களின் சோதனைப் பதிப்பா? எந்த வேகத்தில் ஆடுகிறீர்கள்?

கம்பிவடம்:
இது இணையப் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். ஒருவருக்கு இணைப்பு மெதுவாக இருந்தால் அவருக்குப் போய்ச் சேர வேண்டியது பாதி வழியிலேயே தொலைந்துவிடும். வைஃபையை விட்டுவிட்டு வயர் போட்டு ஆடுங்கள். விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள்.

லோரென்ட்_ராஜா:
ஹோஸ்ட் எஸ்கான்காரர். மோட் மூவருக்கும் ஒன்றுதான், ஒரே நாளில் இறக்கினோம். வேகம் 3, போர் வந்தால் 2. இணையம் எனக்கு நன்றாகவே வருகிறது. அவன் ஏமாற்றுகிறானா என்பதுதான் என் கேள்வி.

கணக்கப்பிள்ளை:
டிஎல்சி (ஆட்டத்துக்குத் தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு) வித்தியாசமாக இருக்கும். உங்களிடம் இருப்பது அவரிடம் இல்லாவிட்டால் விதிகள் மாறிவிடும். மூன்று பேரும் ஒரே டிஎல்சி பட்டியல் வைத்திருக்கிறீர்களா பாருங்கள்.

மேற்குக்காற்று:
@கணக்கப்பிள்ளை இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. ஹோஸ்டிடம் இருக்கும் டிஎல்சிதான் அந்த ஆட்டத்துக்கு எல்லாருக்கும். மற்றவர்கள் வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய_தளபதி:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. "மோட் ஒன்றுதான்" என்பது பதிலே இல்லை தம்பி. மூவரும் முதன்மைத் திரைக்குப் போய், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு எழுத்து செக்சம் (ஆட்டக் கோப்புகள் ஒன்றுதானா என்று காட்டும் குறி) என்ன என்று எழுதுங்கள். அது ஒத்துவராமல் ஒருவர் ஆடினால் இப்படித்தான் ஆகும். 2013-ல் ஆட்டம் வந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேற்குக்காற்று:
செக்சம் வேறாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன் கூடும் லாபியிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்களே அண்ணா. இவர்கள் உள்ளே வந்து பல வருஷம் ஆடி, போரையே முடித்திருக்கிறார்கள். வேறு என்னவோ நடந்திருக்கிறது.

பழைய_தளபதி:
முதலில் செக்சம். அது தெரியாமல் பேசுவதெல்லாம் வெட்டிப் பேச்சு.

லோரென்ட்_ராஜா:
மூவருக்கும் ஒரே செக்சம், இப்போதுதான் கேட்டுப் பார்த்தேன். ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

வடதிசை:
லோரென்ட் நண்பரே, ஒரே ஒரு கேள்வி. முற்றுகை நடந்த சமயத்தில் திரையில் "அவுட் ஆஃப் சின்க்" என்று ஒரு பெட்டி வந்ததா? வந்திருந்தால் என்ன செய்தீர்கள்?

லோரென்ட்_ராஜா:
ஏதோ ஒன்று வந்தது, மூடிவிட்டுத் தொடர்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை இணைப்பு அறுந்து முதன்மைத் திரைக்கு வந்துவிட்டேன். உடனே திரும்ப உள்ளே போய்விட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கம்பிவடம்:
பார்த்தீர்களா, இணையம்தான் என்று முதலிலேயே சொன்னேன்.

வடதிசை:
சம்பந்தம் இருக்கிறது. உங்கள் நண்பர் ஏமாற்றவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஆட்டத்தில் உலகம் முழுவதையும் ஒரு கணினி கணக்குப் போட்டு மற்றவர்களுக்கு அனுப்புவதில்லை. அன்பென்னாரின் ஹாலன் உலகத்தில் உள்ள ஒவ்வொரு மாகாணம், படை, கப்பல், கஜானா எல்லாவற்றையும் மூன்று கணினிகளும் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன. இணையத்தில் போய்வருவது உங்கள் கட்டளைகள் மட்டும்தான்: "இந்தப் படை அங்கே போகட்டும்", "இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்பது மாதிரி. தொடக்க நிலை ஒன்று, கட்டளைகளும் ஒன்று என்றால் விடையும் ஒன்றாகத்தான் வர வேண்டும். பகடைகூட அப்படித்தான், எல்லாக் கணினியிலும் ஒரே எண் விழும்படி வைத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் விஸ்வால். முற்றுகையில் 30 நாளுக்கு ஒருமுறை 14 பக்கப் பகடை உருளும். அதற்கு முன்பே உங்கள் கணினியில் எங்கோ ஓர் எண் பிசகியிருந்தால், உங்களிடம் 14 விழும்போது அவரிடம் 5 விழும். உங்கள் திரையில் கோட்டை சரணடைந்தது, அவர் திரையில் அப்படியே நிற்கிறது. நீங்கள் விஸ்வாலைக் கேட்டு ஒப்பந்தம் போட்டீர்கள். அவர் கணினிக்கு அந்தக் கோட்டை விழவே இல்லை, அப்புறம் எப்படி அதே ஒப்பந்தம் அங்கேயும் நிறைவேறும்? இரண்டு பேர் சொல்வதும் அவரவர் திரைக்கு உண்மை. அந்தப் பெட்டி வந்த நிமிஷத்திலிருந்தே நீங்கள் மூவரும் ஒரே ஆட்டம் ஆடவில்லை.

@கம்பிவடம் இணைப்பு மெதுவானால் ஆட்டமும் மெதுவாகும், எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். கணக்கு மாறாது. இங்கே இணையத்தின் பங்கு லோரென்ட் நண்பரை வெளியே தள்ளியதோடு முடிந்தது. நான் சந்தேகப்படுவது, ஆட்டத்தை முழுக்க மூடாமல் முதன்மைத் திரையிலிருந்தே திரும்ப நுழைந்ததை. முந்தைய ஆட்டத்தின் மிச்சம் ஏதாவது நினைவகத்தில் தங்கிப் பிசகு வருவது இங்கே பலருக்கும் பழக்கமான தொல்லை.

பழைய_தளபதி:
சரியான விளக்கம்தான். ஆனால் அந்தப் பெட்டியை மூடிவிட்டு ஆடுகிறவர்கள் மல்டிபிளேயருக்கு வராமல் இருப்பதே நல்லது. பெட்டி வந்தால் நிறுத்து, ஹோஸ்ட் சேவ் செய், எல்லாரும் வெளியே வா, மறுபடி ஹோஸ்ட் செய். இதுகூடத் தெரியாமல் போர் அறிவிக்கிறார்கள்.

சிற்றரசன்:
புதியவர்களை இப்படிப் பேசினால் யார் இங்கே வந்து கேட்பார்கள்? அவருக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். ஹோஸ்ட் திரையில் விஸ்வால் யார் நிறத்தில் இருக்கிறது? அதை யாருமே கேட்கவில்லையே.

கவெட்_கழுகு:
வணக்கம். இதில் "ஏமாற்றுகிறவன்" நான்தான். இந்த இழையை ஹோஸ்ட் அனுப்பினார். நான் எந்த மோடும் போடவில்லை. ஹோஸ்ட் கனடாவில் இருக்கிறார், இப்போதுதான் எழுந்தார். அவர் சேவ் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டார், விஸ்வால் என் நிறம்தான்.

எனக்கு வருத்தம் வேறு. இவன் என்னை ரைவலாக (ஆட்டத்தில் அறிவிக்கும் போட்டி நாடாக) போட்ட நாளிலிருந்தே இப்படிச் சந்தேகப்படுகிறான். நானும் அவனைப் போட்டேன், பவர் புரொஜெக்‌ஷனுக்காக. அது போட்டி நாடு வைத்தால் ஏறும் செல்வாக்கு அளவு, பகை இல்லை.

சிற்றரசன்:
நண்பர்கள் ஒருவரை ஒருவர் ரைவலாகப் போடவே கூடாது என்று எங்கள் குழுவில் விதி வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் ஆடும் நாடுகளை மட்டும் போடலாம். சண்டை பாதி குறைந்தது.

பழைய_தளபதி:
அது ஆட்டமே தெரியாத விதி. பவர் புரொஜெக்‌ஷன் 50-ஐத் தொட்டால் மாதம் நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என மூன்று வகைப் புள்ளியிலும் ஒவ்வொன்று கூடுதல். வருஷத்துக்கு 36 புள்ளி. அதை விட்டுவிட்டு நட்புக்காக விளையாடுவதா?

சிற்றரசன்:
விட்டுவிடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நாடுகளை வைத்தே 50 எடுக்கலாம் என்கிறேன்.

வடதிசை:
ஆரம்பத்தில் எடுக்கலாம் சிற்றரசன். ஆட்டம் தொடங்கும் 1444-ல் கானர் கண்டத்தில் உங்களுக்குச் சமமான நாடு நிறைய இருக்கும். ரைவல் பட்டியலில் வருவது உங்கள் பலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகள்தான். நீங்கள் வளர வளர, கம்ப்யூட்டர் ஆடும் சின்ன நாடுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். 1550 வாக்கில் திறந்து பாருங்கள், மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கூட ஆடும் மனிதர்கள்தான். ஆட்டமே உங்களை ஒருவர் எதிரே ஒருவராக நிறுத்திவிடுகிறது. லோரென்டும் கவெட்டும் பட்டியலில் சந்தித்தது அவர்கள் நட்பின் குறை இல்லை. இரண்டுமே தொடக்கத்திலிருந்து பெரிய நாடு, நடுவே ஹாஃப்லிங்குகள் என்ற குட்டை மனிதர்களின் ஸ்மால் கன்ட்ரி. அங்கே மோதாமல் எங்கே மோதுவார்கள்?

விதி வேண்டுமென்றால் வேறு இடத்தில் வையுங்கள். ரைவலை முழுசாகத் தோற்கடித்து, சமாதான நிபந்தனையாக "ஷோ ஸ்ட்ரெங்த்" கேட்டால் மூன்று வகையிலும் 100 புள்ளி கிடைக்கும், தோற்றவர் நிலம் எதையும் இழக்க மாட்டார். நண்பர்களுக்குள் முதல் போர் அதோடு முடியட்டும் என்று பேசிவைத்துக்கொள்ளலாம்.

சிற்றரசன்:
பட்டியல் உதிர்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த 100 புள்ளிக்காகவே சின்ன ஆளைப் போட்டு அடிக்கிறவர்கள் வருவார்கள். அதற்கு நிலம் இழப்பதே மேல், அதோடு விட்டுவிடுவார்கள்.

பழைய_தளபதி:
அடி வாங்க விருப்பம் இல்லாதவர் எஸ்கானில் சாகசக் கூட்டம் ஒன்றை எடுத்து ஆடட்டும். கிரீன்டைடு என்ற ஓர்க் படையெடுப்புக்குப் பிறகு அங்கே ஓர்க்குகளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கும். காஸ்டனார் பேரரசை அமைக்கும் வரை மனிதர் யாரும் கண்ணில்கூடப் பட மாட்டார்கள். இல்லையா, சர்ப்பென்ட்ஸ்பைன் மலைக்குள் ஒரு குள்ளர் கோட்டையைத் தோண்டிக்கொண்டு இருக்கட்டும்.

மேற்குக்காற்று:
இழை எங்கோ போகிறது. இவர்களுக்கு இன்று ராத்திரி ஆட்டம். விஸ்வாலை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பழைய_தளபதி:
இதில் சொல்ல என்ன இருக்கிறது? ஹோஸ்ட் சேவ்தான் செல்லும். மறுபடி ஹோஸ்ட் செய்யும்போது எல்லாருக்கும் இறங்குவது அவர் கணினியில் இருக்கும் உலகம்தான். விஸ்வால் கவெட்டுக்கு.

சிற்றரசன்:
அது எப்படி நியாயம்? அவர் பிசகிய திரையைப் பார்த்துத்தான் படையை நகர்த்தினார். கோட்டை விழுந்ததென்று நம்பி முற்றுகைப் படையை வேறு பக்கம் அனுப்பியிருப்பார். அந்தக் கட்டளைகள் ஹோஸ்ட் கணினியிலும் நடந்திருக்கும். விழாத கோட்டையை விட்டு அவராகவே விலகியது போல ஆகியிருக்கும். அந்தப் போரின் முடிவு யாருக்கும் சொந்தமில்லை.

வடதிசை:
இதில் நான் சிற்றரசன் பக்கம். ஹோஸ்ட் கணினியில் ஆட்டோசேவும், அதற்கு முந்தைய ஆட்டோசேவும் இருக்கும். பெட்டி வந்ததற்கு முன்னால் தேதியுள்ளதை எடுங்கள். மூன்று பேரும் ஆட்டத்தை டெஸ்க்டாப் வரை மூடித் திறக்க வேண்டும், இது முக்கியம். ஹோஸ்ட் அந்தச் சேவ் கோப்பைப் போட்டதும், ஆரம்பிப்பதற்கு முன்பே மற்ற இருவரும் லாபியில் இருக்க வேண்டும். நடுவில் யாரும் நுழைய வேண்டாம். ஓடத் தொடங்கி ஓரிரு வருஷம் போனதும் நிறுத்தி, லெட்ஜரை (எல்லா நாடுகளின் கணக்குப் பட்டியலை) திறந்து, மூவரும் ஒரே மூன்றாவது நாட்டின் படை எண்ணிக்கையை வாய்விட்டுப் படியுங்கள். ஒத்துப்போனால் போரைத் தொடருங்கள். அந்தப் பெட்டி மறுபடி வந்தால் அப்போதே நிறுத்துங்கள், எவ்வளவு நல்ல முற்றுகையில் இருந்தாலும்.

கவெட்_கழுகு:
எனக்குச் சம்மதம். விஸ்வாலுக்காக மறுபடி சண்டை போடத் தயார். @லோரென்ட்_ராஜா நீ சொல்.

கணக்கப்பிள்ளை:
ஆட்டோசேவ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்று இருந்தால் முழுப்போரும் போய்விடும்.

மேற்குக்காற்று:
லோரென்ட்காரர் ஆளையே காணோம்.

கவெட்_கழுகு:
ஆடி முடித்தோம். ஹோஸ்டின் முந்தைய ஆட்டோசேவ் போர் தொடங்கிய மாதத்தில் இருந்தது, அதையே எடுத்தோம். மூவரும் முழுக்க மூடித் திறந்தோம். லெட்ஜர் ஒத்துப்போனது. பெட்டி வரவே இல்லை. விஸ்வால் இந்த முறை நிஜமாகவே விழுந்தது, அவனுக்கே போய்விட்டது. அவன் தூங்கப் போய்விட்டான், எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னான்.

வடதிசை:
நல்லது. அடுத்த வாரம் யாருக்காவது இணைப்பு அறுந்தால் உடனே உள்ளே வர விடாதீர்கள், நிறுத்தி மறுபடி ஹோஸ்ட் செய்யுங்கள்.

பழைய_தளபதி:
மோட் வொர்க்‌ஷாப்பா, சோதனைப் பதிப்பா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வொர்க்‌ஷாப் என்றால் ஒருவர் கணினியில் மட்டும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அடுத்த வாரம் லாபியிலேயே செக்சம் மாறி நிற்பீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் மூவரும் பாருங்கள்.

கவெட்_கழுகு:
வொர்க்‌ஷாப்தான் அண்ணா. பார்க்கிறோம்.